நோயுள்ள கருவை வைத்து என்ன செய்வார்கள்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 7 வயது. ஃப்ராஜைல் எக்ஸ் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரை நோய்) என்று போன வருடம்தான் தெரிந்தது. அடுத்த குழந்தைக்கு ஐவிஎஃப் செய்து, கருவைச் சோதித்த பிறகு கருப்பையில் வைக்கலாம் என்கிறார் டாக்டர். நோயுள்ள கருவைச் சில நாடுகளில் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்களாமே, அதில் என்ன கிடைக்கும்? அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.
- வாசகி, ஈரோடு

பதில்: அவருக்கு மனசு கேட்காததில் தப்பே இல்லை. பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரும் அந்தக் கருவைத் தொடக் கூடாது. ஆனால் என்ன கிடைக்கும் என்பதற்கு உங்கள் வீட்டு நோயே நல்ல உதாரணம்.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்று ஒரு ஜீன். அதன் தொடக்கத்தில் சிஜிஜி, சிஜிஜி, சிஜிஜி என்று டிஎன்ஏ-வின் மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும், பெரும்பாலோருக்கு 30 தடவை போல. அது 200-ஐத் தாண்டினால் செல்லே மெத்தில் என்ற வேதிப்பூட்டைப் போட்டு ஜீனை மூடிவிடும், மூளைக்கு வேண்டிய ஒரு புரதம் வராமல் போகும். பூட்டு எப்போது விழுகிறது? நோயோடு பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பார்த்தால் ஏற்கெனவே விழுந்திருக்கும். எலிகளுக்கு அந்த எழுத்துகளை நீட்டிப் பார்த்தும் பூட்டு விழவில்லை, அதனால் எலியை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

2007-இல் இஸ்ரேலில் நிசிம் பென்வெனிஸ்டி, ராகேல் எய்கஸ் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர், நோய் உறுதியானதால் கருப்பையில் வைக்காமல் விட்ட ஒரு கருவிலிருந்து, எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். அந்த மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல்தான், ஆனாலும் ஜீன் வேலை செய்துகொண்டிருந்தது! அந்தச் செல்கள் வேறு திசுக்களாக மாறத் தொடங்கியபோதுதான் மூடிக்கொண்டது. (பின்னால் வளர்த்த சில செல் வரிசைகளில் முதலிலேயே ஓரளவு மூடியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) சரி, நோயாளியின் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிப் பார்க்கலாமே என்று 2010-இல் பென்வெனிஸ்டி குழு முயன்றது, பூட்டு திறக்கவில்லை. இந்த இரண்டில், திறந்திருந்த அந்த நிலையைக் காட்டியது கருவிலிருந்து வளர்த்த செல்கள்தான்.

2018-இல் அமெரிக்காவில் ருடால்ஃப் யேனிஷ் என்ற விஞ்ஞானியின் குழு, ஜீனைத் திருத்தப் பயன்படும் கிரிஸ்பர் கருவியை மாற்றியமைத்து மெத்திலை அகற்றியது; ஆய்வகத் தட்டில் இருந்த நரம்பு செல்களில் ஜீன் மறுபடி வேலை செய்தது. ஆனால் இது உங்கள் அக்கா மகனுக்கு இன்று கொடுக்கக்கூடிய மருந்து இல்லை, அந்த ஆசையை நான் ஊட்டமாட்டேன்.

அப்புறம், அக்காவின் குடும்பத்தில் வந்த இந்த நீண்ட எழுத்துகள் உங்களுக்கும் இருக்கலாம், நீங்களும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த மூன்றெழுத்து 55-இலிருந்து 200 தடவைக்குள் இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே கருமுட்டை தீர்ந்துபோகிறது. குழந்தை வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் இருக்க அது உதவும்.