கத்தியைவிடக் குறட்டைக்கு அஞ்சுங்கள்

உடல் எடையைக் குறைக்க மகனுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை செய்யலாமா என்று கேட்ட கடிதத்தில், அவனுடைய கழுத்துக் கருமை, இடுப்பில் வரிவரியாகத் தழும்பு, மார்புச் சதை ஆகியவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கருமை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதற்குச் சர்க்கரைப் பரிசோதனைதான் வேண்டும், களிம்பு வேண்டாம். மற்ற இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். நான் இருமுறை படித்தது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியை: "அப்பாவைப் போலவே குறட்டை விடுவான்; நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்து உட்காருவான்; வகுப்பில் தூங்குகிறான் என்று பள்ளியில் புகார்."

16 வயதில், 168 செ.மீ. உயரத்துக்கு 126 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது பரம்பரைக் குறட்டை அன்று. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. இரவுதோறும் இது தொடர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறி, இதயமும் பாதிக்கப்படும். அறுவை சிகிச்சை பற்றிய முடிவு எதுவானாலும், இந்த வாரமே உறக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். சளிக்கென்று கடையில் வாங்கித் தரும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இந்த விவரம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வளரும் பிள்ளையின் இரைப்பையை வெட்டினால் வளர்ச்சி நின்றுவிடுமோ, பதினெட்டு முடியும்வரை காத்திருக்கலாமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அகற்றுகிறார்கள், குடலைத் தொடுவதில்லை. இதனால் உயரம் குன்றியதாக இதுவரை தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறை, 13 வயது முதலே கடும் உடற்பருமன் உள்ளவர்களை இச்சிகிச்சைக்குப் பரிசீலிக்க அனுப்பச் சொல்கிறது. காத்திருக்கும் இரண்டு ஆண்டுகளில் மூச்சுத் தடையும் சர்க்கரையும் காத்திருப்பதில்லை.

ஆனால் இதை எளிய வழி என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் அறுவை செய்துகொண்ட 242 பதின்வயதினரைத் தொடர்ந்து கவனித்தபோது, மூன்றாண்டுகளில் சராசரியாக 27 சதவீத எடை குறைந்திருந்தது. அதே நேரத்தில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இரும்புச்சத்துச் சேமிப்பு குறைந்திருந்தது. வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டும்.

இணையத்தில் வாங்கிய கொழுப்புக் கரைக்கும் பொடியைக் குப்பையில் போடுங்கள். பல நாடுகள் 2010-இல் விலக்கிய, பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் என்னும் மருந்து, 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் இத்தகைய பொடிகளில் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதை வாங்குவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையே!

கடிதத்தில் மாமியார் பேசுகிறார், பக்கத்து வீட்டார் பேசுகிறார், யூடியூப் பேசுகிறது. மகன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. மாத்திரையை விழுங்கப்போகிறவன் அவன். அடுத்த முறை அறுவை மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சற்று வெளியே அமர்ந்து, அவனைத் தனியே பேச விடுங்கள்.