விடுதிப் பள்ளி திறக்கும் நேரம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஜூன் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி விடுதியைப் பற்றித்தான் இருக்கும். பிள்ளையைக் கொண்டுபோய் விடப்போகிற அம்மா, முதல் தடவை பொறுப்பேற்கும் முதல்வர், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பையன் என்று இந்த முறையும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். முதலில் வார்டனாகவும் பிறகு முதல்வராகவும் என் வேலைக்காலம் முழுக்க விடுதிப் பள்ளிகளிலேயே போனது. அங்கே பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மலைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இந்த ஆண்டு முதல்வராகச் சேர்ந்திருக்கிறேன். திறக்கும் நாளில் மாணவர்களையும் பெற்றோரையும் வரவேற்றுப் பேச வேண்டும். ஒரு மணி நேரமாவது பேசினால்தான் மரியாதை என்கிறார்கள். என்ன பேசலாம்?
*– ஒரு வாசகர், சேலம் மாவட்டம்*

ஐந்து நிமிஷம் பேசுங்கள். அதற்கு மேல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் முதல்வரான முதல் வருஷம் நாற்பது நிமிஷம் பேசினேன். பள்ளியின் வரலாறு, ஒழுக்கம், பத்தாம் வகுப்பில் யார் எத்தனை மதிப்பெண், எல்லாம். ஆறாம் வகுப்பு வரிசையில் முன்னால் ஒரு பையன் நின்றிருந்தான். பெட்டிச் சாவியை அவன் அம்மா அரைஞாண் கயிற்றில் முடிந்துவிட்டிருக்கிறார் போல, சட்டைக்கு மேலேயே அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகக் கவனிக்கிறான் என்று எனக்குச் சந்தோஷம். பேச்சு முடிந்து வரிசை கலைந்த பிறகுதான் பார்த்தேன், அவன் நின்ற இடத்தில் சிமெண்ட் தரை நனைந்திருந்தது. விடிகாலையில் ஊரில் பஸ் ஏறிய பிள்ளை. கழிப்பறை எங்கே என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை, வரிசையை விட்டு நகரலாமா என்றும் அவனுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து என் வரவேற்புப் பேச்சின் முதல் வரியே, "கழிப்பறை அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, போக வேண்டியவர்கள் யாரிடமும் கேட்காமல் இப்போதே போய் வாருங்கள்" என்பதுதான்.

அப்புறம் குடிக்கிற தண்ணீர் எங்கே, ராத்திரி வயிற்று வலி வந்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், சாப்பாட்டு மணி எப்போது, வீட்டுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போன் பேசலாம். புதுப் பிள்ளையின் மனதில் ஓடுவது இவ்வளவுதான். இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் அதன் தோள் இறங்குவதை மேடையிலிருந்தே பார்க்கலாம். சமையல்காரர், வாட்ச்மேன், மேட்ரன், துணி வெளுப்பவர் ஆகியோரை மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த பத்து மாதம் பிள்ளைகள் உங்களைவிட அவர்களைத்தான் அதிகம் பார்க்கப்போகிறார்கள்.

"இது உங்களுக்கு இன்னொரு வீடு" என்று முதல் நாளே சொல்லாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும், முதல்வர் சொன்ன முதல் வார்த்தையே பொய்யாகிவிட்டால் மற்றதை எப்படி நம்பும்? வீடு அங்கேயேதான் இருக்கிறது, லீவுக்குப் போவீர்கள், அதுவரை உங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அழலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள், எட்டாம் வகுப்புப் பையன்களின் காதில் விழுகிற மாதிரி.

அடிக்கு இங்கே இடமில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அது ஆசிரியர்களுக்கு. விடுதியில் பெரிய பையன்களின் கையும் உண்டு, அதற்கும் இதுவே விதி என்று முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னால்தான், பின்னால் ஒரு சின்னப் பையன் தைரியமாக வந்து சொல்லுவான்.

எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். உங்கள் அறை வாசலில் பியூன் உட்கார்ந்திருப்பார், ஆறாம் வகுப்புப் பிள்ளை அவரைத் தாண்டி வராது. தினமும் சாயங்காலம் டீ நேரத்தில் மெஸ்ஸுக்கு வெளியே அந்தச் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்பேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள், மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு. முதல் வாரம் யாரும் வர மாட்டார்கள். இரண்டாவது வாரத்தில் ஒருத்தி சும்மா வந்து பக்கத்தில் நிற்பாள்.

பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள், பிள்ளைகள் டீ குடிக்கப் போன பிறகு. கட்டண பாக்கி, விதிமுறை எல்லாம் அங்கே.

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் என் மகளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. "பிடிக்கலைன்னா சொல்லுடா, மறுநாளே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று அவள் அப்பா தினமும் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் நினைப்பது தப்பா?
*– ஒரு தாய், ஈரோடு*

தப்பே இல்லை, அம்மா. அவர் பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த ஒரு வாக்குறுதி பிள்ளையை அங்கே காலூன்ற விடாது. பிடித்திருக்கிறதா, இல்லையா என்று மணிக்கு ஒரு தடவை தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் பத்து நாளில் எந்த விடுதியும் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. அதற்குப் பதிலாக ஒரு தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளி உங்களை எப்போது வந்து பார்க்க அனுமதிக்கிறது என்று கேட்டு, அந்தத் தேதியை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா கையாலேயே எழுதட்டும். எண்ணிக்கொண்டிருக்க ஒரு நாள் இருந்தால் பிள்ளைகள் எதையும் தாண்டுவார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். வீட்டு ஞாபகம் வேறு. யாராவது அடித்தாலோ, தொடக் கூடாத விதத்தில் தொட்டாலோ, மிரட்டினாலோ அது வேறு. அப்படி ஒன்று என்றால் தேதி பார்க்க மாட்டோம், அன்றைக்கே வந்து நிற்போம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள்.

அந்தப் பள்ளி 1962-இல் தொடங்கியது. ஆனால் ராணுவ அதிகாரிப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் இந்தச் சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது 2021-22 கல்வியாண்டிலிருந்துதான். அதனால் உங்கள் மகளுக்கு முன்னால் போன அக்காமார் அங்கே இருக்கிறார்கள், பையன்களைவிட எண்ணிக்கையில் குறைவாக. அவர்களில் ஒருத்தியை முதல் நாளே அறிமுகம் செய்துவைக்கச் சொல்லி வார்டனிடம் கேளுங்கள். மாதவிடாய் வந்தால் யாரிடம் போவது, நாப்கின் எங்கே இருக்கும் என்பதையும் நீங்களே விசாரித்து மகளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பதினோரு வயதுப் பெண் இதைத் தானாகப் போய்க் கேட்க மாட்டாள்.

விட்டுவிட்டு வரும் அன்று சேர்ந்து படுக்கையை விரியுங்கள், பூட்டைத் திறந்து பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். சொல்லாமல் நழுவி வரவே கூடாது. இன்றைக்கும் நடக்கிறது அது, தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று போன அப்பாவைத் தேடிக் கேட் பக்கம் நிற்கும் பிள்ளைகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காயம் ஒரு வருஷமானாலும் ஆறுவதில்லை. முதல் போனில் அழுவாள். போனை வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள், அது உங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் ராத்திரி முழுக்க விழித்திருப்பீர்கள். "அழறியா?" என்று கேட்காமல் "பக்கத்துக் கட்டில்ல யாரு, அவ ஊரு எது?" என்று கேளுங்கள்.

நான் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வார்டன். திறக்கும் நாளில் பாதிப் பிள்ளைகள்கூட வருவதில்லை. பெற்றோர் வெளியூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள், திரும்பி வந்து பிள்ளையைக் கொண்டுவிட இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். வரவேற்பெல்லாம் யாருக்கு?
*– ஒரு வார்டன், கல்வராயன் மலை*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், சார். பத்திரிகைகளில் விடுதிப் பள்ளி என்றாலே லவ்டேல், கொடைக்கானல் படங்களைத்தான் போடுகிறார்கள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, கொடைக்கானல் பள்ளி 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக. அப்பா அம்மா வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள், பிள்ளை ஓரிடத்தில் இருந்து படிக்க வேண்டும் என்பதற்குத்தான் அவையும் வந்தன. உங்கள் மலையில் நடப்பதும் அதேதான். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பத்துக்கு உங்கள் விடுதி இல்லையென்றால் அந்தப் பிள்ளையும் செங்கல் தூக்கத்தான் போகும்.

ஆகவே உங்கள் வரவேற்பு ஒரு நாள் நிகழ்ச்சி கிடையாது, கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை அது நடக்கிறது. மூன்றாவது வாரம் துணிப்பையோடு வந்து வாசலில் நிற்கிற பிள்ளையிடம் "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்துவது பல இடங்களில் பழக்கம். தாமதம் அந்தப் பிள்ளை செய்ததில்லை. திறக்கும் நாளில் முதலில் வந்தவனுக்கு என்ன கிடைத்ததோ, தட்டு, டம்ளர், பாய், போர்வை, நோட்டு, எல்லாம் அவன் பெயர் எழுதி எடுத்துவைத்திருந்தால் அதைவிடப் பெரிய வரவேற்பு இல்லை. பெயர் எழுதிய தட்டைப் பார்த்த பிள்ளை திரும்பிப் போகாது, இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முடிந்தால் ஊருக்கு ஒரு நடை போய் வாருங்கள், பாட்டியோடு இருக்கிற பிள்ளைகள் சிலரை நீங்களே கூட்டிவரலாம். நீலகிரிப் பக்கம் பணிபுரிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தோடர், இருளர் வீடுகளில் பேசுவது அவரவர் மொழி. பாடப்புத்தகத் தமிழில் மட்டும் வரவேற்றால் முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பாதி புரியாது. பெரிய வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று இருக்கும், அதைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

விடுதி முறையாக நடக்கிறதா என்று சேர்ப்பதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?
*– ஒரு தந்தை, விழுப்புரம்*

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர் உரிமம் தர வேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417. இரண்டும் பிள்ளையின் கண்ணில் படுகிற சுவரில் எழுதியிருக்கிறதா, அங்கிருந்து பேச ஒரு போன் இருக்கிறதா என்று பாருங்கள். மெஸ்ஸை அவர்கள் சுற்றிக்காட்டுவார்கள், நீங்கள் குளியலறையைப் பாருங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள்.

காரைக்கால் நவோதயாவில் படிக்கும் அண்ணன் மகன் 9-ஆம் வகுப்பில் ஒரு வருஷம் வடக்கே ஒரு பள்ளிக்குப் போகப்போகிறான். அங்கே இந்தியில்தான் எல்லாம் இருக்குமே, சமாளிப்பானா?
*– ஒரு வாசகி, நாகப்பட்டினம்*

மத்திய அரசு நடத்தும் விடுதிப் பள்ளிகளான நவோதயா பள்ளிகளில் வழக்கமான ஏற்பாடுதான் இது. 9-ஆம் வகுப்பில் சுமார் 30 சதவீதப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு வேறு மொழி பேசும் பகுதியில் போய்ப் படிப்பார்கள், அங்கிருந்து பிள்ளைகள் இங்கே வருவார்கள். கூட்டமாகப் போவதால் தனிமை இருக்காது, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே முடங்கிவிடுவதுதான் சிக்கல். தண்ணீர், சாப்பாடு, காய்ச்சல், வலி, இதைச் சொல்லும் அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டு போகட்டும், மற்றது அங்கே விளையாட்டு மைதானத்தில் வந்துவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிரை அவன் பார்த்திருக்க மாட்டான், கனமான ஸ்வெட்டரும் காலுறையும் வைத்துவிடுங்கள்.

பேரனுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிடலாமா? விடுதியில் பிடுங்கிவைத்துக்கொள்வார்களா?
*– ஒரு பாட்டி, காரைக்குடி*

பள்ளி விதியை முதலில் கேளுங்கள், பாட்டி. அனுமதி உண்டென்றால் கூடுதலாகவே கொடுங்கள், அறையில் உள்ள எல்லோருக்கும் காணும்படி. முதல் நாள் டப்பாவைத் திறந்து நீட்டுகிற பையனுக்கு அன்றைக்கே கூட்டாளிகள் கிடைத்துவிடுவார்கள். அதிரசம் கொஞ்சமாக, முறுக்கு நிறைய, ஏனென்றால் எறும்பு.

நான் எட்டாவது படிக்கிறேன். மூணு வருஷமா ஹாஸ்டல். இருந்தாலும் லீவு முடிஞ்சு திரும்பிப் போற முதல் ராத்திரி வயிறு வலிக்குது. மத்த யாருக்கும் இப்படி இல்லை. எனக்கு மட்டும் ஏன்?
*– ஒரு மாணவன், தேனி*

தம்பி, உன் அறையில் இருக்கிற எல்லோருக்கும் இருக்கிறது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பதால் உனக்குத் தெரியவில்லை. முதல்வராக இருந்தபோது லீவு முடிந்து திரும்பிய ராத்திரி எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும், அடுத்த நாள் காலை மணி அடித்ததும் சரியாகிவிடும். வீட்டில் உனக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்று உன் உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைத் தவிர்க்காதே, வெறும் வயிற்றில் இன்னும் வலிக்கும். வலி இரண்டு மூன்று நாளைக்கு மேல் இருந்தால் மேட்ரனிடம் சொல்லிவிடு.

அப்புறம் இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பையன்கள் வருவார்கள். அவர்களில் யாராவது தூங்காமல் உட்கார்ந்திருந்தால், கழிப்பறை எந்தப் பக்கம், லைட் சுவிட்ச் எங்கே என்று எழுந்து போய்க் காட்டிவிட்டு வந்து படு.