'எனக் கொள்க' தெரிந்த பெண்ணுக்கு ஆங்கிலம் வரும்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இப்போது பொறியியல் முதலாண்டு, வீட்டிலிருந்துதான் போய் வருகிறாள். வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறப்பதில்லை. எனக்கோ ஆங்கிலம் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?
- ஒரு தாய், தருமபுரி

பதில்: 'பதில் தெரிந்தும்' என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, எனக்கு அதுவே போதும்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். தமிழ் வழியில் வந்த மாணவன் ஒருவன் நியூட்டனின் இரண்டாம் விதியைத் தமிழில் அழகாக விளக்கினான். அதையே ஆங்கிலத்தில் சொல் என்றேன். ஃபோர்ஸ், மாஸ் எல்லாம் வந்தன. நடுவில் நின்றுவிட்டான். "'எனக் கொள்வோம்'னு சொல்லணும் மேடம், அதுக்கு என்ன?" 'லெட் அஸ் அஸ்யூம்' என்றேன். மளமளவென்று முடித்தான்.

கலைச்சொற்கள் தினமும் கரும்பலகையில் வருபவை, தானாகப் படிந்துவிடும். அவற்றைக் கோக்கும் சொற்கள்தான் காலை வாரும். நியூசிலாந்தின் மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் அப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் கூட்டங்களை, தொகுத்து 2000-இல் வெளியிட்டார். அதன் முதல் பிரிவில் உள்ள 60-இல் அஸ்யூம், டிஃபைன், டெரைவ் மூன்றும் உண்டு. உங்கள் மகளுக்கு இவை 'எனக் கொள்க', 'வரையறு', 'தருவி' என்று வருடக்கணக்காகப் பழக்கம். அவளுடைய பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் பாடநூல்களில் ஒரே பாடம் தமிழ் வழிப் புத்தகத்திலும் ஆங்கில வழிப் புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, நாளைக்கு ஐந்து சொல் எடுக்கட்டும்.

எடுத்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'அனலைஸ்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'அனாலிசிஸ்' இரண்டாவதில், 'அனலிட்டிகல்' மூன்றாவதில். கண்ணால் மட்டும் படித்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

அப்புறம் பேச்சு. ஆங்கில ஆசிரியர்களிடையே '4-3-2' என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், இன்னொருவரிடம் மூன்று, வேறொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்வது. என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை என்பதால் மூன்றாம் முறை நாக்கு தானாக ஓடும். முதல் நான்கு நிமிடம் உங்களுடையது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. மற்ற இரண்டுக்கும் தோழிகள் போதும், போனில்கூட. யாரும் நடுவில் திருத்த வேண்டாம்.

முதல் வாரம் பாதி நேரம் மௌனமாகப் போகும். பரவாயில்லை. நின்ற இடத்தைத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போகட்டும். அந்தத் தமிழ்ச் சொல்லை மட்டும் நீங்கள் ஒரு தாளில் குறித்துவையுங்கள். மறுநாள் ஐந்து சொற்களில் முதல் சொல் அதுதான்.