அட்டை எங்கே என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. தோட்டத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். சீனி வியாதியால் போன வருஷம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் கால் போட்டு நடக்கிறார். நீளக் காற்சட்டை போட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அண்மையில் மகன் எங்களைக் காரில் டவுனுக்குக் கூட்டிப்போய், ஒரு சுப்பர்மார்க்கெட்டில் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தில் நிறுத்தினான். இறங்கியதும் ஒருவர், "நல்லாத்தானே நடக்கிறீங்க, இது நொண்டிகளுக்கு வச்ச இடம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். காவலாளியும் வந்து "கார்ட் இருக்கா?" என்றார். இவர் ஒன்றும் பேசாமல் திரும்பக் காரில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து டவுனுக்கே வரமாட்டேன் என்கிறார். லண்டனில் இருக்கும் மகள், மாற்றுத்திறனாளிகள் வாகனம் நிறுத்த அங்கே கொடுக்கும் நீல அட்டை தன் மாமியாரிடம் இருக்கிறது, அதை அனுப்புகிறேன், கண்ணாடியில் வையுங்கள் என்கிறாள். வைக்கலாமா? இங்கே என்ன பத்திரம் வைத்திருக்க வேண்டும்? ஏசுபவர்களுக்கு என்ன சொல்வது?
– ஹட்டன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த இடத்தில் நிறுத்தியது முற்றிலும் சரி. அது அவரைப் போன்றவருக்கென்றே ஒதுக்கிய இடம். திரும்பக் காரில் ஏறவேண்டிய எந்தத் தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

லண்டன் அட்டையை வைக்க வேண்டாம். பிரிட்டனில் அது வாகனத்துக்குக் கொடுப்பதல்ல, ஆளுக்குக் கொடுப்பது. உரியவரின் படம் அதில் இருக்கும். அவர் அந்தப் பயணத்தில் இல்லாதபோது வேறொருவர் அதைப் பயன்படுத்தினால் அங்கே குற்றம். 1,000 பவுண் வரை அபராதம் போடலாம். இங்கே அதற்குச் சட்டப் பெறுமதி எதுவும் இல்லை. சம்பந்தியம்மா அங்கே அட்டை இல்லாமல் தவிப்பார், நீங்கள் இங்கே இன்னொருவர் படத்தைக் காட்டி மாட்டிக்கொள்வீர்கள். இணையத்தில் இருந்து அதே மாதிரி ஒன்றை அச்சடித்து வைக்கும் யோசனை வந்தாலும் விட்டுவிடுங்கள். உண்மையான தேவை உள்ள ஒருவர் போலி அட்டையோடு பிடிபட்டால், அடுத்து வரும் பத்துப் பேரைச் சந்தேகிக்க அது போதும்.

மகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு நடந்தது அங்கேயும் நடப்பதுதான். பிரிட்டனில் இந்த ஏற்பாடு 1970ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஆரம்பமானது. முதலில் அட்டை செம்மஞ்சள் நிறம், 2000இல் நீலமானது. வெளியே தெரியாத குறைபாடுகளும் இதில் அடங்கும் என்று 2019 ஓகஸ்ட் 30ஆம் திகதிதான் இங்கிலாந்தில் விதியைத் தெளிவாக மாற்றினார்கள். ஐம்பது வருஷப் பழக்கம் உள்ள நாட்டிலேயே, சக்கர நாற்காலி இல்லாமல் இறங்குபவரைப் பார்த்து "உனக்கென்ன குறை" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சின்னமும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1968இல் டென்மார்க் மாணவி சூசான் கோஃபோட் வரைந்த உருவம் உலகம் முழுவதும் பரவியது நல்லதுதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான் மாற்றுத்திறனாளி என்ற நினைப்பையும் அது மனதில் பதித்துவிட்டது. இருதய பலவீனத்தால் இருபது அடி நடந்தால் மூச்சு வாங்குபவர், மூட்டுவாதத்தால் கால் ஊன்ற முடியாதவர், இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து தலைசுற்றலோடு வெளியே வருபவர் எல்லோரும் பார்வைக்கு 'நல்லாத்தான்' இருப்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு குறைபாடு உண்டு. அவர்களில் எத்தனை பேரை நாம் வீதியில் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறோம்?

இனி நம் நாட்டுச் சட்டம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் இடத்துக்குள்ளும் நுழைவதற்கு, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி வர்த்தமானியில் வெளிவந்த அணுகல் ஒழுங்குவிதிகள், சாய்தளம், கதவு, மலசலகூடம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்கின்றன. அவை ஏட்டோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து, மீதி வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். அவர் 2009இல் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளையிட்டது. பிறகு 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

இந்தச் சட்டமும் விதிகளும் பேசுவது இடத்தைப் பற்றி. கண்ணாடியில் வைக்கும் அட்டையைப் பற்றி அல்ல. ஆகவே அட்டை இல்லை என்பதற்காக அந்த இடத்தில் உங்கள் கணவருக்கு உள்ள உரிமை இல்லாமல் போகாது. "சிலருக்கு மட்டும் ஏன் சலுகை, எல்லோரும் சமம்தானே" என்று வாதாடுபவரும் வரலாம். சமத்துவத்தைப் பேசும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையிலேயே, பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு விசேட ஏற்பாடு செய்வதை அது தடுக்காது என்று நான்காவது பந்தியில் எழுதியிருக்கிறது.

ஆனாலும் கையில் ஒரு கடதாசி இருப்பது நல்லது. காவலாளிக்கு மேலிடத்து உத்தரவு இருக்கும். அவரோடு மல்லுக்கட்டுவதில் பிரயோசனம் இல்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். கிளினிக் கொப்பி, கால் எடுத்த ஆஸ்பத்திரியின் வைத்திய அறிக்கை, அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோய், கணவர் மாற்றுத்திறனாளியாகப் பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் பதியுங்கள். பதிவை உறுதிப்படுத்தும் கடிதமோ அட்டையோ கேட்டு வாங்குங்கள். அவருக்கு உரிய மற்றக் கொடுப்பனவுகள் பற்றியும் அதே நாளில் கேட்கலாம். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் அது நீங்கள் கெஞ்சிப் பெறவேண்டிய விஷயமல்ல. கடிதத்தின் போட்டோ கொப்பி ஒன்றை லெமினேட் செய்து காரில் வையுங்கள். நோயின் விபரம் முழுக்க எழுதிய வைத்திய அறிக்கையைக் கண்ணாடியில் வைக்காதீர்கள். அதை ஊர் வாசிக்கத் தேவையில்லை. கடைகளில் விற்கும் சக்கர நாற்காலி ஸ்டிக்கரை ஒட்டினால் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். அதனால் புதிய உரிமை எதுவும் வராது.

இந்த இடத்தில் மகனுக்கும் ஒரு வார்த்தை. அப்பா காரில் இல்லாத நாளில் அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது. அப்பா காருக்குள்ளேயே இருக்க, மகன் மட்டும் இறங்கிப்போய்ச் சாமான் வாங்கிவருவதாக இருந்தாலும் வேறு இடத்தில் நிறுத்துவதுதான் நியாயம். பிரதேச செயலகக் கடிதம் பொலிஸ் தடைசெய்த இடத்தில் நிறுத்தவும் அனுமதி தராது. இங்கிலாந்தில் நீல அட்டை உள்ளவர், மற்றவர்கள் நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் 3 மணித்தியாலம் வரை நிறுத்தலாம். அந்தச் சலுகையை நினைத்துக்கொண்டு நம் வளைவு ரோட்டில் நிறுத்தினால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழி இருக்காது.

அந்த இடம் ஏன் தேவை என்பதை உங்களைப் பார்த்துச் சத்தம் போட்டவர் ஒருநாள் கிட்ட நின்று பார்த்தால் விளங்கும். சாதாரணமாகச் செயற்கைப் பாதத்தில் கணுக்கால் மடங்காது. காரை விட்டு இறங்கும்போது உங்கள் கணவர் கதவை முழுக்கத் திறந்து, உடம்பைத் திருப்பி, நல்ல காலை முதலில் ஊன்றி, மற்றக் காலைக் கையால் தூக்கி எடுப்பதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கார் நெருங்கி நின்றால் கதவு பாதிதான் திறக்கும், பாதத்தின் நுனி கதவின் அடியில் மாட்டும். அதனால்தான் பிரிட்டனில் 2.4 மீற்றர் அகலத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இன்னும் 1.2 மீற்றரைக் கோடு போட்டுக் காலியாக விடச் சொல்கிறார்கள். நம் டவுன்களில் அந்தக் கோடு போட்ட இடத்தைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைச் செருகிவிடுகிறார்கள், அல்லது மரக்கறிக் கூடையை இறக்கிவைக்கிறார்கள்.

மலையகத்தில் சரிவு என்று இன்னொன்று இருக்கிறது. மூக்கு மேட்டைப் பார்க்கக் கார் நின்றால், திறந்த கதவு தன் பாரத்திலேயே திரும்பி வந்து இறங்குகிறவரின் காலில் அடிக்கும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் கதவு கையை விட்டுப் பறந்து விரியும், அதைப் பிடிக்கப்போய் அவர் விழலாம். ரோடு பக்கவாட்டில் சரிந்திருந்தால் மேட்டுப் பக்கக் கதவைத் தள்ளிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பிறகு எந்தக் கையால் எழும்புவது? சக்கர நாற்காலி என்றால் இன்னும் மோசம், ஆள் உட்காருவதற்கு முன்பே அது உருண்டுபோகும். நடக்கும்போதும் ஏற்றத்தை விட இறக்கம்தான் கஷ்டம். மடங்காத பாதம் சரிவில் முழுதாகப் பதியாது, முழங்காலை முன்னுக்குத் தள்ளும். அதோடு மழையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. நம் டவுன் ரோடுகளில் எத்தனை அப்படி இருக்கின்றன என்பதை நடந்து பார்த்தவருக்குத் தெரியும். ஆகவே ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வாசலுக்குக் கிட்ட, சமதரையாக, அகலமாக ஒரு இடம் ஒதுக்குவதை வசதி என்று மட்டும் சொல்லமுடியாது. அது இல்லாவிட்டால் உங்கள் கணவர் போன்றவர் கடைக்கே வரமுடியாது.

"கார் வைத்திருப்பவனுக்கு ஏன் சலுகை" என்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தின் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது: தோட்டங்களில் மாற்றுத்திறனாளிகளில் பெரும்பாலானோருக்குக் கார் கிடையாது. லயத்தில் இருந்து படியிறங்கி, வாடகை ஆட்டோவில்தான் டவுனுக்கு வருகிறார்கள். அந்த ஆட்டோவைத்தான் காவலாளிகள் வாசலில் இருந்து முதலில் விரட்டுகிறார்கள். உரிமை ஆளுக்கு என்றால், அவரை ஏற்றிவந்த ஆட்டோவுக்கும் அந்த இடம் உண்டு. கடை முதலாளிகள் காவலாளிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாரதிகளும் பயப்படாமல் "உள்ளே இருக்கிறவருக்கு நடக்க ஏலாது" என்று சொல்லி நிறுத்த வேண்டும்.

ஏசுபவருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். "இவருக்குச் செயற்கைக் கால், ஐயா" போதும். சிங்களத்தில் என்றால் "மெயாட எவிதின்ன அமாருய்" (இவருக்கு நடக்கக் கஷ்டம்). குரலை உயர்த்த வேண்டாம், விளக்கம் நீட்டவும் வேண்டாம். காற்சட்டையைத் தூக்கிக் காலைக் காட்டச் சொல்லி யார் கேட்டாலும் காட்டக்கூடாது. வழியில் போகிறவர் யாருக்கும் தன் உடம்பை நிரூபித்துக் காட்டும் கடமை அவருக்கு இல்லை. காவலாளி கேட்டால் கடிதத்தைக் காட்டலாம். அதற்குப் பிறகும் மறித்தால் முகாமையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தவறாக நிறுத்துகிறவர்களைத் தட்டிக்கேட்க நினைக்கும் நல்லவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள்: ஆளின் நடையை அளக்காதீர்கள். யாரும் இல்லாமல் நிற்கும் லொறியையும் குறுக்கே செருகிய மோட்டார் சைக்கிளையும் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்று நடந்ததைப் பற்றி அந்தக் கடையின் முகாமையாளருக்குத் திகதி, நேரத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். காவலாளியைத் தண்டிக்கக் கேட்காமல், அவருக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். பிரதியை நகரசபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். ஒதுக்கிய இடத்தைச் சாமான் அடுக்கி மறித்திருந்தாலோ, இடமே ஒதுக்காமல் இருந்தாலோ, படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்கு அனுமதி கொடுப்பது உள்ளூராட்சி சபைதான், அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் அதற்கு உண்டு. அரச அலுவலகமோ சபையோ அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கடைசியாக, கணவர் டவுனுக்கு வர மறுப்பது. அதை வலிந்து மாற்ற வேண்டாம், வளரவும் விடவேண்டாம். சம்பளம் போடும் நாட்களையும் சனி, ஞாயிறையும் விட்டு, ஒரு வாரநாள் காலையில், அவருக்குப் பழக்கமான கடை ஒன்றுக்கு முதலில் போங்கள். கடிதம் அவருடைய சட்டைப் பையில் இருக்கட்டும். யாராவது கேட்டால் அவரே பேசட்டும். நீங்களும் மகனும் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். மிஞ்சிய காலைச் செருகும் செயற்கைக் காலின் கிண்ணம் காலையில் இறுக்கமாக இருந்து, பின்னேரம் தளர்ந்து உரசுவது முதல் வருஷத்தில் சகஜம். வெளியே போகத் தயங்குவதற்கு அந்த வலியும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆண்கள் அதை இலேசில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அடுத்த கிளினிக் நாளில் அதைக் காட்டி, நாளின் நடுவில் இன்னொரு காலுறை சேர்த்துப் போடலாமா என்று கேட்டுவாருங்கள்.