சட்டையில் இருக்கும் பெயர்

மதிப்பிற்குரிய ஐயா,

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு வந்த தடையால் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் நீங்கியதை வரவேற்று எழுதியிருந்தீர்கள். சட்டையில் இருப்பது வெறும் விளம்பரம்தானே? அதைப் பார்த்தா ஒருவர் தன் பணத்தை எங்கே போடுவது என்று முடிவுசெய்கிறார்? ஸ்பான்சர் தரும் கோடிகளால்தான் ரஞ்சி ஆட்டக்காரருக்கும் சம்பளம் கிடைக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் கிரிக்கெட் வாரியம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

ரஞ்சி ஆட்டக்காரரின் சம்பளம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘வெறும் விளம்பரம்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதச் சேமிப்புத் திட்டத்துக்கு ஆள்பிடிக்க வந்தவர், என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வட்டி விகிதத்தைச் சொல்வதற்கு முன்பே சொன்ன வாக்கியம் இன்னும் நினைவில் இருக்கிறது: “மேட்ச் நடுவுல இவங்க விளம்பரம்தான் சார் வருது, இவங்களா ஏமாத்தப் போறாங்க?” சித்தப்பா கையெழுத்துப் போட்டார், போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

அந்த நீலச் சட்டையில் இருந்த பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 2001 முதல் 2013 வரை சஹாரா. பிறகு ஸ்டார், ஓப்போ. 2019 முதல் ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸ். 2023 முதல் ட்ரீம்11. சஹாரா குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள் கோடிக்கணக்கான சிறு முதலீட்டாளர்களிடம் திரட்டிய 24,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை 15 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் நம் அணி அதே பெயரை நெஞ்சில் தாங்கி ஆடியது. என்னை இன்றும் உறுத்துவது அந்த ஓராண்டுதான். அக்குழுமத்தின் கூட்டுறவுச் சங்கங்களில் பணம் போட்டவர்களுக்குத் தனி இணையதளம் திறந்து, முதற்கட்டமாக ஆளுக்கு 10,000 ரூபாய் வரை அரசு திருப்பித் தரத் தொடங்கியபோது 2023 ஆகஸ்ட் ஆகியிருந்தது.

கணக்கைப் புரட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். பைஜூஸ் தர வேண்டிய 158 கோடி ரூபாய்க்காக வாரியமே தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் படியேறியது. அதன் மனுவின் பேரில்தான் 2024 ஜூலையில் அந்நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. புரட்டியிருந்தால் அந்த ரஞ்சி ஆட்டக்காரருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ட்ரீம்11 விலகியபின், 2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பையில் தங்கள் முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது நம் வீரர்களின் நெஞ்சில் ‘இந்தியா’ மட்டுமே இருந்தது. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அண்ணன் போட்டுக் கழித்த சட்டையில் தினமும் பந்து வீசுகிறான். துவைத்துத் துவைத்து நிறுவனத்தின் எழுத்துகள் உரிந்துபோய், அதிலும் நாட்டின் பெயர்தான் மிச்சம். அன்று தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, “என் சட்டை மாதிரியே இருக்கு” என்று ஓடிவந்து சொன்னான். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

புதிய ஸ்பான்சரைத் தேடிய அறிவிப்பில் பணம் வைத்து ஆடும் விளையாட்டு, கிரிப்டோ, மது, புகையிலை நிறுவனங்களை வாரியம் விலக்கியது, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் பணத்தைப் பொறுத்தவரை அது கேட்ட தகுதி, மூன்றாண்டுச் சராசரி விற்றுமுதலோ நிகர மதிப்போ 300 கோடி ரூபாய் இருக்க வேண்டும் என்பதுதான். எவ்வளவு பணம் என்று பார்க்கும் அந்த விதி, யாருடைய பணம் என்று பார்ப்பதில்லை. பொதுமக்களிடம் பணம் திரட்டும் நிறுவனமா, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியோ ரிசர்வ் வங்கியோ அதன்மீது நடவடிக்கை எடுத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்படி ஓர் உத்தரவு வரும் நாளிலேயே பெயரை நீக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2012இல் அந்த ஒரு வரி இருந்திருந்தால், உத்தரவு வந்த மறுநாளே அந்தப் பெயரை எடுத்திருக்க முடியும்.

அன்புடன்,
ர.