போடர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ள தங்கைக்கு மைண்ட்ஃபுல்னஸும் பேச்சுப் பயிற்சியும் உதவுமா?

"மூச்சைக் கவனி, ஆக்களோட பேசிப் பழகு எண்டு சொன்னா இந்த வருத்தம் மாறுமா?" என்று தங்கைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். உதவும், இரண்டையும் சேர்த்துப் பழகுவது நல்லது. உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கி, நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஆட்டிப்படைக்கிற வருத்தம் இது. மட்டக்களப்பு கல்லடியில் இதே வருத்தத்தோடு வாழ்கிறவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த நோய்க்கென்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குத்தான் டொக்டர் மருந்து தருவார். அவரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம். நோயோடு நேருக்கு நேர் நிற்பது பயிற்சிதான். அமெரிக்காவில் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்ஷா லினெஹான் இந்த வருத்தத்துக்காக உருவாக்கிய டிபிடி (Dialectical Behaviour Therapy) என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் கற்றுத்தரும் திறன்களில் நான்கு பகுதிகள் உண்டு: விழிப்போடு கவனித்தல் (மைண்ட்ஃபுல்னஸ்), உறவுகளில் பேசும் திறன், உணர்ச்சியைக் கையாளுதல், நெருக்கடியைத் தாங்குதல். தானும் 17 வயதில் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு நெடுநாள் இருந்தவர் என்று அவரே 2011 இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த தெம்பை எந்த மருந்தும் தந்ததில்லை.

மைண்ட்ஃபுல்னஸ் என்றதும் கண்ணை மூடித் தியானம் என்று நினைக்கிறார்கள். கண்ணை மூடினால் பழைய நினைவுகள் வந்து அமுக்குகிற ஆட்களும் உண்டு, நானும் அப்படித்தான். தேங்காய் துருவும்போது துருவுவதை மட்டும் கவனிப்பதும் இதே பயிற்சிதான். இதில் எனக்கு அதிகம் உதவியது, நடந்ததையும் நான் சேர்த்துக்கொண்டதையும் பிரித்துப் பார்ப்பது. "மறுகா எடுக்கிறன்" என்று அக்கா போனை வைத்துவிட்டா. நடந்தது அவ்வளவுதான். "அக்காவுக்கு என்னைப் பிடிக்கல, இனி வரவே மாட்டா" என்பதெல்லாம் என் மனம் சேர்த்தது. அந்த வித்தியாசம் தெரிகிற சில நொடிகளில்தான், பத்து மெசேஜ் அனுப்பத் துடிக்கிற கையை நிறுத்த முடிகிறது.

கையை நிறுத்தினாலும் உள்ளே இருக்கிற பயம் போகாது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அங்கேதான் பேச்சுப் பயிற்சி வேண்டும். நடந்ததைச் சொல், உன் உணர்வைச் சொல், வேண்டியதைக் கேள், அதனால் அவருக்கு என்ன நன்மை என்றும் சொல்: இதுதான் வரிசை. "நேற்று நீங்க திரும்ப எடுக்கல. எனக்குப் பயமா இருந்திச்சு. எடுக்க முடியாட்டி ஒரு மெசேஜ் போடுங்க. போட்டா நானும் சும்மா சும்மா எடுத்துக் கரைச்சல் தரமாட்டன்." இதை எழுதிவைத்து, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். சண்டை நடுவே முதன்முறையாக முயன்றால் வராது.

எங்கள் பக்கம் பெண் கலியாணம் முடித்தாலும் தாய் வீட்டு வளவிலோ பக்கத்திலோதான் இருப்பாள். கோபித்துக்கொண்டு போனாலும் விடிந்தால் கிணற்றடியில் அதே முகம்தான். ஆகவே வீட்டாரும் இதைப் பழகியே ஆக வேண்டும். தங்கை அழும்போது "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்காதீர்கள். "உனக்குப் பயமா இருந்திருக்கும் என்ன?" என்று கேளுங்கள். அவளுடைய உணர்வு உண்மை என்று ஒத்துக்கொண்டால் போதும், அவள் கேட்பதற்கெல்லாம் தலையாட்டத் தேவையில்லை. நடிக்கிறாள், பேய் பிடித்திருக்கிறது என்று அயலவர் சொல்வதை அவள் காதுபடப் பேச விடாதீர்கள்.

டிபிடி திறன்களைக் குழுவாகச் சேர்ந்து பழகும் பயிற்சியை ஒருமுறை முழுதாக முடிக்கவே வழக்கமாக 24 வாரம் எடுக்கும், பலர் இரண்டாம் முறையும் செய்வார்கள். ஒரு மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று கைவிட வேண்டாம். முழுப் பயிற்சி கிடைக்காவிட்டால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் இந்தத் திறன்களை மட்டுமாவது சொல்லித்தர முடியுமா என்று கேளுங்கள்.

சாக வேண்டும் என்றோ தன்னைக் காயப்படுத்துவேன் என்றோ அவள் சொன்னால் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்திலேயே இருங்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கத்தி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.