ஹெல்லில் ஏன் ஒரே அடியில் சாகிறோம்? டயாப்லோ 2 கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் டயாப்லோ 2 ஆடுகிறவர்கள் என்னிடம் கேட்டவை இவை. அரக்கர்களை வேட்டையாடும் இந்தக் கணினி விளையாட்டின் மூல ஆட்டம் 2000-இல் வந்தது. இங்கே பேசுவது 2021-இல் வந்த ரிசரெக்டட் பதிப்பைப் பற்றி. இதில் நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று கடின நிலைகள், ஹெல்தான் உச்சம். ஒவ்வொரு நிலையிலும் கதை ஐந்து ஆக்டுகளாக, அதாவது பகுதிகளாக, ஓடும்.

கேள்வி (படிவம் 4 மாணவர்): அண்ணே, என் சோர்சரஸ் (மந்திரக்காரி) நைட்மேர் வரை பறந்தாள். ஹெல்லில் ஒரே அடியில் சாகிறாள். நெருப்புருண்டை வித்தையான ஃபயர்பாலில் இன்னும் புள்ளி ஏற்றட்டுமா?

பதில்: ஃபயர்பாலை விடு தம்பி. கேரக்டர் திரையில் ரெசிஸ்டன்ஸைப் பார், அடியை எவ்வளவு சதவீதம் குறைக்கும் என்ற கணக்கு அது. ஹெல்லில் நெருப்பு, பனி, மின்னல், விஷம் நான்கிலும் ஆட்டமே 100 கழித்துவிடும். ஐந்தாம் ஆக்டில் ஆன்யா என்ற பெண்ணைக் காப்பாற்றினால் ஒவ்வொரு நிலைக்கும் 10 கிடைக்கும். நார்மல், நைட்மேர் இரண்டிலும் அதை முடித்திருந்தாலும் உன் கணக்கு மைனஸ் 80. அதாவது 100 புள்ளி நெருப்படி உன் மேல் 180-ஆக விழுகிறது. உச்சவரம்பு 75, அங்கே ஏறிவிட்டால் அதே அடி வெறும் 25. ஆக, கவசம், மோதிரம், பையில் வைக்கும் சார்ம் எல்லாம் சேர்ந்து 155 தர வேண்டும்.

கேடயத்தில் தொடங்கு. ஐந்தாம் ஆக்டில் சிறைப்பட்ட வீரர்களை மீட்டால் குவால்-கெக் என்ற தளபதி ரால், ஓர்ட், தால் மூன்று ரூன்களையும் (துளையில் பதிக்கும் மந்திரக் கற்கள்) கையிலேயே தருவார். மூன்று துளைக் கேடயத்தில் அதே வரிசையில் பதித்தால் ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ் என்ற ரூன்வேர்டு, அதாவது ரூன்கள் சேர்ந்து தரும் தனிச் சக்தி. நான்கு ரெசிஸ்டன்ஸும் 40-க்கு மேல் ஏறும். இதை விற்றுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம், நெருப்பே உறைக்காத அரக்கர்கள் ஹெல்லில் உண்டு. பனி வித்தையும் கற்றுக்கொள். முதல் ஆக்டில் டென் ஆஃப் ஈவில் குகைப் பணியை முடித்தவர்களுக்கு, ஊரில் இருக்கும் அகாரா வித்தைப் புள்ளிகளை மாற்றித் தருவாள்.

கேள்வி: இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மழை வந்தால் லைனும் போய்விடும். எதை ஆடுவது?

பதில்: ஆஃப்லைன் கேரக்டர் உருவாக்குங்கள் அக்கா. அதைப் பிறகு ஆன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான். ஆனால் ஆஃப்லைனில் வரைபடம் அப்படியே நிற்கும். நார்மல், நைட்மேர் என்று நிலையை மாற்றினால்தான் புதிதாகும். முதல் ஆக்டில் பிளாக் மார்ஷ் வேபாயின்ட்டிலிருந்து (ஊரிலிருந்து நேரே தாவும் மேடை) ஃபர்காட்டன் டவருக்கு ஒருமுறை வழி தெரிந்துவிட்டால் போதும். ஐந்தாம் தளத்தில் கவுன்டஸ் என்ற அரக்கி. தொடக்கத்தில் ரூன் சேர்க்க அவளைப் போல் ஆள் கிடையாது.

கேள்வி: பையனுக்கு 12 வயது. பேய் விளையாட்டு என்கிறான். விடலாமா?

பதில்: வேண்டாம் அங்கிள். அமெரிக்காவில் இதற்கு 17 வயதுக்கு மேல் என்று தரம் போட்டிருக்கிறார்கள். ரத்தமும் பிணமும் நிறைய.

கேள்வி: தால், எத் ரூன் இரண்டையும் கவசத்தில் போட்டேன். ஸ்டெல்த் ரூன்வேர்டு வரவில்லையே?

பதில்: கவசத்தின் பெயர் நீல எழுத்திலா இருந்தது? மந்திரக் கவசத்தில் ரூன்வேர்டு அமையாது. சாதாரணக் கவசம், சரியாக இரண்டு துளை, தால் முதலில். மூன்று துளை என்றாலும் போச்சு. ஹெல் (Hel) என்ற ரூனையும் ஊருக்கு வாசல் திறக்கும் டவுன் போர்ட்டல் சுருளையும் அந்தக் கவசத்தோடு பொருள்களை மாற்றும் ஹொராட்ரிக் கியூப் பெட்டியில் போட்டால் துளைகள் காலியாகும். பதித்த ரூன்கள் அழிந்துவிடும். இவ்வளவு சின்ன ரூன்களுக்காக அந்த வேலை எதற்கு? வேறு கவசம் தேடுங்கள்.

கேள்வி: போன் ஹாட்ஸ்பாட்டில் ஹார்ட்கோர் ஆடலாமா அண்ணே?

பதில்: செம்பனைத் தோட்டத்து ஓரம், லைன் ஒரு கோட்டில் நிற்கிற வீட்டிலா? ஹார்ட்கோரில் ஒரு முறை செத்தால் அந்தக் கேரக்டர் முடிந்தது. ஆசை விடவில்லை என்றால் ஆஃப்லைனில் ஆடு. இரண்டாம் ஆக்டின் கடைசி அரக்கன் டூரியலிடம் மட்டும் கவனம்: அறை சின்னது, அவன் பனி உன்னை மெதுவாக்கிவிடும். பெல்ட் நிறைய மருந்து, உள்ளே போன உடனே டவுன் போர்ட்டல்.